லிபின் என்ற ஃபோல்டர்

தேவிகுளத்தில் தாலுகா ஆபீசுக்கு ஏறுகிற வழியில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது ஆனந்தி வீடியோஸ். முன்னறையில் கடை, பின்னால் இரண்டு அறைகளில் குடித்தனம். செல்லத்துரை கேமராவைத் தூக்கிக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்க் கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்று எடுத்து வருவான். அவன் மனைவி ஆனந்தி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, பெயர் போட்டு, பார்க்கிறவர்கள் கண் கலங்குகிற மாதிரி ஆக்கிக் கொடுப்பாள். கடைக்கு மனைவியின் பெயரை வைத்ததில் செல்லத்துரைக்கு ஒரு பெருமை உண்டு. அதோடு அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாகவும் ஒரு நினைப்பு உண்டு.

ஆனந்தி பள்ளிவாசல்காரி. பிளஸ் டூ வரை மலையாளத்தில் படித்தவள். பேங்கிலோ பஞ்சாயத்திலோ பேச வேண்டியிருந்தால் அவளைத்தான் அனுப்புவான். அவனுடைய மலையாளம் பஸ் கண்டக்டரோடு முடிந்துவிடும்.

அவள் எடிட் செய்கிற சாஃப்ட்வேர், கல்யாணமான புதிதில் போடியில் ஒருவர் ஸ்டுடியோவை மூடியபோது கம்ப்யூட்டரோடு சேர்த்து வாங்கியது. ஆறாவது வெர்ஷன் என்பதால் வீட்டில் அதற்கு 'ஆறு' என்றே பெயராகிவிட்டது. கம்ப்யூட்டரின் பின்புறம் கட்டைவிரல் அளவில் ஒரு பூட்டுச்சாவியைச் செருகினால்தான் அது திறக்கும். அதற்குப் பிறகு எத்தனையோ வெர்ஷன்கள் வந்து, அதைச் செய்த கம்பெனிக்காரர்களே அதை மறந்து போயிருந்தார்கள். ஆனந்தி மறக்கவில்லை. எந்த பட்டனை அழுத்தினால் எது நடக்கும் என்று அவள் விரலுக்குத் தெரியும். இந்தப் பக்கத்து எஸ்டேட்டுகளில் நடந்த கல்யாணங்களில் பாதிக்கு மேல் அந்த ஆறுக்குள்தான் கிடந்தன. வேறு எந்த சாஃப்ட்வேராலும் அவற்றைத் திறக்க முடியாது.

அந்த வருஷம் ஆனி மாதத்து மழையில் பழைய கம்ப்யூட்டர் நின்றுபோனது. சுவரெல்லாம் ஈரம், துணி காயவில்லை, கம்ப்யூட்டர் மட்டும் எப்படித் தாங்கும். மூணாறில் காட்டினார்கள், அடிமாலியில் காட்டினார்கள். ஹார்டு டிஸ்க் நன்றாக இருக்கிறது, மற்றதற்குச் சாமான் கிடைக்காது என்று கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. பளபளவென்று வந்து உட்கார்ந்த அது, ஆறை உள்ளே விட மறுத்தது. சிடியைப் போட்டால் இது பழையது என்றது. சுற்றி வளைத்து ஏற்றினால் திரை கறுத்துப்போனது. பூட்டுச்சாவியைச் செருகினால் அது என்னவென்றே அதற்குத் தெரியவில்லை. செல்லத்துரை சில நாள் அதோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, புது சாஃப்ட்வேருக்கு மாறிவிடலாம் என்றான். ஆனந்தி அதையும் முயன்று பார்த்தாள். அடுத்த வீட்டு அடுப்படியில் நின்று சமைக்கிற மாதிரி இருக்கிறது, உப்பு எங்கே என்று தேடுவதற்குள் குழம்பு வற்றிவிடுகிறது என்றாள்.

மாறினாலும் தீராத காரியம் ஒன்று இருந்தது. பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிற குருவம்மாளின் இளைய மகள் செல்வலட்சுமிக்கு ஆவணியில் கல்யாணம். குருவம்மாளின் புருஷன் சோலை இறந்து நாளாகிவிட்டது. மூத்த மகள் கல்யாணத்தில் அவர் கேமராவைப் பார்த்துப் பேசியிருந்தார். அந்தப் பேச்சை இளையவள் கல்யாணத்தன்று மண்டபத்தில் திரை கட்டிப் போட வேண்டும் என்பது குருவம்மாளின் ஆசை. அவர்களிடம் இருந்த டிவிடி பூசணம் பிடித்துப் போயிருந்தது. அந்த டிவிடியில் இல்லாத பேச்சும் நிறைய உண்டு, அன்றைக்கு நீளம் கருதித் தானே வெட்டியது என்று ஆனந்திக்கு ஞாபகம் இருந்தது. எல்லாம் பழைய ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. ஆனால் ஆறு இல்லாமல் சோலை வாய் திறக்க மாட்டார்.

லிபின் இப்படித்தான் வந்து சேர்ந்தான்.

லிபினைச் செல்லத்துரைக்கு முன்பே தெரியும், தெரிந்தவரைக்கும் பிடிக்காது. அடிமாலிக்காரன். மூணாறு டவுனில் கண்ணாடிக் கதவு வைத்து ஸ்டுடியோ திறந்தவன். ட்ரோன் விடுவான். ரிசார்ட்டுக்கு வருகிற ஜோடிகளைத் தேயிலைக்கு நடுவே நிறுத்திப் படம் பிடிப்பான். செல்லத்துரைக்கு எப்போதாவது வந்துகொண்டிருந்த ஹோட்டல் வேலைகள் அவன் கடை திறந்ததிலிருந்து வருவதில்லை. கோயில் கொடை எடுக்கப் போன இடத்தில் ஒரு தடவை அவன் ட்ரோன் செல்லத்துரையின் தலைக்கு மேலேயே வந்து நின்று சத்தம் போட்டது. கூட்டம் முழுக்க அண்ணாந்து அதைப் பார்த்தது. கீழே தோளில் கேமராவோடு நின்றவனை ஒருவரும் பார்க்கவில்லை.

அந்த லிபின் பழைய சாஃப்ட்வேர்களைப் புதுக் கம்ப்யூட்டரில் ஓட்டுவது பற்றி மலையாளத்தில் யூடியூபில் பேசிப் போடுவான் என்பது செல்லத்துரைக்குத் தெரியாது. ஆனந்தி தேடிக் கண்டுபிடித்து, கீழே கேள்வி எழுதியிருக்கிறாள். நான் மூணாறில்தான் இருக்கிறேன் சேச்சி என்று பதில் வந்திருக்கிறது.

செல்லத்துரை சூரியநெல்லிப் பக்கம் ஒரு சடங்கு எடுத்துவிட்டு மத்தியானம் திரும்பியபோது, ஆனந்தி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். காதில் ஹெட்போன். இரண்டு கையும் மடியில். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு பெட்டியைத் திறந்தது, மூடியது, இன்னொன்றைத் தேடியது. அவள் மலையாளத்தில் ஏதோ சொன்னாள். அம்புக்குறி இடமும் வலமுமாக ஆடியது, தலையாட்டுகிற மாதிரி. அவள் சிரித்தாள்.

செல்லத்துரை வாசலிலேயே நின்றான். வீட்டுக்குள் இன்னொருத்தன் செருப்பைப் பார்த்த மாதிரி இருந்தது அவனுக்கு.

யார் என்று கேட்டான். லிபின் என்றாள், சாதாரணமாக. அவர் அங்கிருந்தே நம் கம்ப்யூட்டரைச் சரிசெய்து தருகிறார் என்றாள். புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டரைக் குடிவைக்கலாமாம், அதற்குள் ஆறு தான் பழைய வீட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு ஓடுமாம் என்று கண்ணெல்லாம் மலரச் சொன்னாள். அவனுக்கு அந்த மலர்ச்சிதான் கண்ணில் பட்டது. அவள் சொன்ன விஷயம் காதில் ஏறவில்லை.

"இந்த ஊர்ல வேற ஆளே கெடைக்கலையா ஒனக்கு?" என்றான்.

"வேற யாருக்கும் இது தெரியலங்க," என்றாள் அவள்.

செல்லத்துரை கேமராப் பையை இறக்கி வைத்துவிட்டுச் சோறு போடச் சொன்னான். அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வந்து சோறு போட்டாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே முன்னறையைப் பார்த்தான். அவள் எழுந்து வந்த பிறகும் அம்புக்குறி ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து அவன் நிம்மதி போயிற்று. லிபின் தினமும் வந்தான், ஒரு நாளும் படியேறாமல். ஆறு திறந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. சத்தம் வந்தது, படம் துள்ளியது. பூட்டுச்சாவியை உள்ளே இருக்கிற பழைய கம்ப்யூட்டருக்கு அடையாளம் காட்ட ஒரு முழுப் பகல் ஆனது. ஒவ்வொன்றும் சரியாகும்போது ஆனந்தி செல்லத்துரையைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவனும் வந்து பார்த்து ம் என்றான். வந்து பார்ப்பதெல்லாம் திரையின் ஓரத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்றுதான்.

வேலை தமிழ் எழுத்தில் வந்து நின்றதுதான் அவனால் தாங்க முடியாததாகிவிட்டது. பழைய காலத்துத் தமிழ் எழுத்துருவில் அடித்த மணமக்கள் பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக உருமாறிக் கிடந்தன. லிபினுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் ஆனந்தி ஒவ்வொரு எழுத்தாக அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். இது கொம்பு, இது கால், கொம்பு முன்னால் வரும், சத்தம் பின்னால் வரும். செல்லத்துரை அடுத்த அறையில் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரே லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவனுக்கு அவள் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவனும் கேட்டதில்லை என்பது அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

அவள் குளிக்கப் போன நேரத்தில் போனை எடுத்துப் பார்த்தான். லிபின், லிபின், அம்மா, லிபின், கேஸ்காரன், லிபின். மெசேஜ்கள் மலையாளத்தில் இருந்தன. எழுத்துக் கூட்டிப் படிக்க முயன்று, பாதியில் தலை வலித்து வைத்துவிட்டான். பேரு, நன்றாக இருக்கிறது என்கிற நன்னாயி, நாளைக்கு என்கிற நாளெ என்று சில வார்த்தைகள் மட்டும் புரிந்தன. புரிந்தவை போதுமானதாக இருந்தன. புரியாதவற்றை அவனே நிரப்பிக்கொண்டான்.

ஒரு வேலையை உடம்பு சரியில்லை என்று தட்டிக்கழித்துவிட்டு வீட்டில் இருந்து பார்த்தான். அன்றைக்கு லிபினின் அழைப்பு வரவில்லை. நான் வீட்டில் இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்று முடிவு செய்தான். மறுநாள் வெளியே போனான், அழைப்பு வந்ததாக அவளே சொன்னாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. கண்ணாடி முன் நின்று தன் முகத்தைப் பார்த்தான். காதோரம் நரைத்திருந்தது. லிபினுக்கு எத்தனை வயது இருக்கும் என்று கணக்குப் போட்டான். ஆனந்தியைவிடச் சின்னவனாகத்தான் இருப்பான் என்பதில் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. அதே காரணத்தால் கொஞ்ச நேரத்தில் அந்த ஆறுதலும் போயிற்று.

ஆவணி பிறந்தபோது ஆறு முழுதாக ஓட ஆரம்பித்திருந்தது. சோலை வாய் திறந்து பேசினார். குருவம்மாளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம், மண்டபத்தில் பார்க்கட்டும் என்று ஆனந்தி தீர்மானித்திருந்தாள். செல்வலட்சுமி குழந்தையாக இருந்த போட்டோக்களைச் சேர்த்து, அப்பாவின் பேச்சை நடுவில் வைத்து, வேலை முடிகிற கட்டத்தில் இருந்தாள். அந்தச் சமயத்தில் பள்ளிவாசலில் அவள் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுகிறேன், கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீடு காலியானதும் செல்லத்துரை அவள் நாற்காலியில் உட்கார்ந்தான். முதலில் லிபின் உள்ளே வருவதற்காகப் போட்டு வைத்திருந்த அந்த வழியைத் தேடிப் பிடித்து எடுத்துவிட்டான். அது சுலபமாக இருந்தது. இனிமேல் எந்த அம்புக்குறியும் என் வீட்டுக்குள் நடமாடாது என்று மூச்சு விட்டான். அத்தோடு எழுந்திருந்தால் காரியம் கெட்டிருக்காது. வேறென்ன வைத்திருக்கிறான் என்று கம்ப்யூட்டரைத் துருவினான். ஒரு மூலையில் ஒரு ஃபோல்டர். அதன் பெயர் லிபின்.

ஆனந்திதான் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும், ஆங்கிலத்தில் முழுக்கச் சிறிய எழுத்தாக, அவள் பழக்கத்தில் இருந்தது. திறந்து பார்த்தான். பெயர் புரியாத நாலைந்து கோப்புகள், அதில் ஒன்று ரொம்பப் பெரியது. போட்டோவா, வீடியோவா, என்னவென்று திறக்கவும் வரவில்லை. திறக்க வராததே அவனுக்குச் சாட்சியாகப் பட்டது. ஃபோல்டரை அழித்தான். குப்பைத் தொட்டிக்குள் போனதைத் திரும்பவும் போய் அங்கிருந்தும் அழித்தான். உறுதியாகவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. உறுதியாகத்தான் என்றான்.

பிறகு டீ போட்டுக் குடித்தான். மனசு லேசாக இருந்தது. இத்தனை நாளில் அன்றைக்குத்தான் மத்தியானம் தூங்கினான்.

சாயங்காலம் ஆனந்தி வந்தாள். அம்மாவுக்குப் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே ஈரக் குடையை மூலையில் விரித்து வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டாள். கொஞ்ச நேரம் அமைதியாகத் தேடினாள். பிறகு வேகமாகத் தேடினாள். பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துச் செருகி, அதில் சோலை பேசிய கல்யாண வீடியோ அப்படியே இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அதன் பிறகுதான் அவள் தோள் இறங்கியது. செல்லத்துரை அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். தான் எதை அழித்தோம் என்று அவனுக்கு அப்போது மெல்ல மெல்ல விளங்க ஆரம்பித்தது. புதுக் கம்ப்யூட்டருக்குள் குடியிருந்த பழைய கம்ப்யூட்டர் முழுக்க அந்த ஃபோல்டரில்தான் இருந்திருக்கிறது. ஆறும் அதில்தான் இருந்தது. அவள் ஆடியிலிருந்து செய்த வேலை அத்தனையும் அதில்தான் இருந்தது.

கரண்டு போய்ப் போய் வந்தது, அதில் ஏதாவது ஆகியிருக்கும் என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தவில்லை.

"நீங்கதான அழிச்சீக?"

"என் வீட்டு கம்ப்யூட்டர்ல அவன் பேரு எதுக்கு? அவன்கூட என்ன சிரிப்பு ஒனக்கு, எந்நேரமும்?"

கேட்டே ஆக வேண்டியதைக் கேட்டுவிட்டோம் என்று இருந்தது அவனுக்கு. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். மழையில் நனைந்த முகம்.

"இத்தன வருசமா இந்த நாக்காலில உக்காந்திருக்கேன். ஏன் இந்த எடத்துல வெட்டுன, ஏன் இத முன்னால வச்சன்னு ஒரு ஆளு எங்கிட்ட கேட்டது கெடையாது. அவரு கேட்டாரு. அதான் சிரிச்சேன்."

செல்லத்துரை மூலையில் சொட்டிக்கொண்டிருந்த குடையைப் பார்த்தான்.

"இன்னொண்ணும் கேட்டாரு. எங்க ஸ்டுடியோவுக்கு வந்து எடிட் பண்ணித் தர முடியுமா சேச்சின்னாரு. மாட்டேன்னுட்டேன். ஒங்ககிட்ட சொல்லல. சொன்னா என்ன ஆகும்னு தெரியும். சொல்லாமலே ஆயிருச்சு." கம்ப்யூட்டரின் பின்னால் கையை விட்டுப் பூட்டுச்சாவியை உருவினாள். "இதச் செருகுனா அங்க ஒரு கம்ப்யூட்டர்ல ஆறு ஓடும். குருவம்மாக்கா வேலைய அங்க போயி முடிக்கேன்."

மறுநாள் காலை இட்லி அவித்து மூடி வைத்துவிட்டு, ஹார்டு டிஸ்கைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு மூணாறு பஸ் ஏறினாள். அதற்கடுத்த நாளும் போனாள். சாயங்காலம் நேரத்துக்கு வந்து சமைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். கேட்காததற்கு ஒன்றும் சொல்லவில்லை. தேனியில் ஹாஸ்டலில் படிக்கிற மகளோடு போனில் பேசும்போது மட்டும் அவள் குரல் பழையபடி இருந்தது.

பகலெல்லாம் செல்லத்துரை தனியாகக் கடையில் உட்கார்ந்திருந்தான். முன்பெல்லாம் ஒரு அம்புக்குறியைப் பார்த்துத்தான் எரிச்சல்பட்டான். இப்போது பார்க்க ஒன்றுமே இல்லாததால் எல்லாவற்றையும் கற்பனை செய்ய வேண்டியிருந்தது. இந்நேரம் டீ குடிப்பார்கள். இந்நேரம் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பான். யாராவது பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தால், நிமிர்ந்து உட்காருங்கள் என்று சொல்ல மறந்து எடுத்துக் கொடுத்தான். ஜெராக்ஸ் கடைக்காரர் ஆனந்தி எங்கே, நான்கைந்து நாளாகக் காணோமே என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அதைக்கூட வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, அவரிடம் முகம் கொடுக்காமல் படியேறினான்.

கடைசியில் தாங்க முடியாமல் ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு ஷேர் ஜீப்பில் ஏறி மூணாறு போனான். என்ன செய்யப் போகிறோம் என்று முடிவு செய்துகொள்ளவில்லை. லிபினை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. அந்த நாலு வார்த்தையை ஜீப்பில் போகும்போது மலையாளத்தில் சேர்த்துப் பார்த்தான். இரண்டுக்கு மேல் தேறவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஒரு பெரிய அறை. சுவரோரம் கம்ப்யூட்டர்கள். ஆனந்தி நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் அந்த ஸ்டுடியோவின் எடிட்டர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள், லிபினும் நின்றிருந்தான், கையைக் கட்டிக்கொண்டு. வாசலில் ஆள் நிற்பதை யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரையில் மூத்தவள் கல்யாணம் ஓடியது, வெட்டுவதற்கு முந்தைய நிலையில், செல்லத்துரை எடுத்தது எடுத்தபடி. அதை அவன் அப்படிப் பார்த்ததே இல்லை. எடுத்து வந்து கொடுப்பதோடு சரி, பிறகு முடிந்த படத்தைத்தான் பார்ப்பான். சோலை பேச ஆரம்பிக்கிற இடத்தில் கேமரா குலுங்கியது. அவர் முகத்தை விட்டுத் தோரணத்துக்குப் போய்ப் பாதி வாக்கியத்துக்குப் பிறகு திரும்பி வந்தது. கூர்மை போய்ப் புகை மாதிரி ஆனது. பேச்சின் நடுவில் யாரையோ தள்ளி நிற்கச் சொல்லி அதட்டுகிற செல்லத்துரையின் குரலே கேட்டது. ஆனந்தியின் விரல் போய்க்கொண்டே இருந்தது. குலுங்குகிற இடத்தில் மணப்பெண்ணின் கையை வைத்து மறைத்தாள். தோரணத்துக்குப் போன இடத்தில் குருவம்மாள் கண்ணைத் துடைக்கிறதை வைத்தாள். அதட்டலை நறுக்கி எடுத்துவிட்டு, இடைவெளி தெரியாமல் நாதஸ்வரத்தை உள்ளே இழுத்தாள். சோலை ஒரே மூச்சில், தடங்கலில்லாமல், மகளைப் பார்த்துப் பேசுகிற மாதிரி ஆனது.

இத்தனை வருஷமாக ஊரெல்லாம் மெச்சிய தன் கேமரா இதுதான் என்று செல்லத்துரைக்கு அப்போது புரிந்தது. அவளும் ஒரு நாள்கூட இதைச் சொன்னதில்லை.

பின்னால் நின்ற எடிட்டர்களில் ஒருத்தன், இதை யார் எடுத்தது சேச்சி, இப்படி ஆடுகிறதே என்று மலையாளத்தில் கேட்டான். அது செல்லத்துரைக்குப் புரிந்தது.

ஆனந்தி திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் மலையாளத்தில் பதில் சொன்னாள். என் வீட்டுக்காரர் எடுத்தது, மண்டபம் இல்லை, எஸ்டேட் லயத்து வீட்டு முற்றத்தில் நடந்த கல்யாணம், அடை மழை, ஒரு கையில் குடை, ஒரு கையில் கேமரா என்றாள். கேட்டவன் தலையாட்டினான். அவள் அடுத்த இடத்துக்குப் போனாள்.

செல்லத்துரை வந்த வேகத்திலேயே திரும்பிவிடத்தான் பார்த்தான். அதற்குள் லிபின் பார்த்துவிட்டான். வெளியே வந்து, வாங்க சேட்டா, சாயா குடிக்கலாம் என்று எதிர்த்த கடைக்குக் கூட்டிப் போனான். கிட்டத்தில் பார்க்க மெலிந்த ஆள், தூக்கம் போதாத கண். செல்லத்துரை ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. லிபின்தான் பேசினான். சேச்சி வெட்டுகிற மாதிரி வெட்ட இங்கே ஒருவருக்கும் வராது, நாங்கள் பாட்டுக்குத் தகுந்து வெட்டுகிறோம், சேச்சி ஆளுக்குத் தகுந்து வெட்டுகிறார் என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்ததைச் செல்லத்துரை உற்றுப் பார்த்தான். தேடிவந்தது அங்கே இல்லை. வேறொன்று இருந்தது. மரியாதை. தன் முகத்தில் அவளைப் பார்த்து அது வந்ததுண்டா என்று யோசித்தபோது, வந்த எரிச்சல் இன்னும் கூடியது. லிபின் வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால் அடித்துவிட்டுப் போயிருக்கலாம்.

"அந்தப் பழைய கம்ப்யூட்டர உள்ள வைக்கிறது எப்படி?" என்று கேட்டான். கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவனுக்கே தெரிந்தது. "எனக்குச் சொல்லித் தர முடியுமா?"

லிபின் கொஞ்சம் யோசித்தான். "சொல்லித் தராம்," என்றான். "பக்ஷே சேட்டா, பேரு பாத்து டிலீட் பண்ணக் கூடாது."

செல்லத்துரைக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் தலையாட்டினான்.

அதன் பிறகு பகலில் அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். லிபின் போனில் சொல்லச் சொல்ல, அவனே செய்தான். திரும்பவும் அந்த வழியைத் திறந்துவிட வேண்டியிருந்தது. அம்புக்குறி வந்தது, காட்டியது, போனது. ஒவ்வொரு தடவை அது நகரும்போதும் அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். பழைய சிஸ்டத்தை உள்ளே ஏற்ற ஒரு நாள். சத்தத்துக்கு ஒரு நாள். நடுவில் கரண்டு போய் எல்லாம் முதலிலிருந்து. இந்த உள்வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் காட்டவே கூடாது, காட்டினால் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் பார்த்துக் கெட்டுப்போகும் என்று லிபின் சொன்னதை ஒரு அட்டையில் எழுதி ஒட்டினான். வேலை தமிழ் எழுத்துக்கு வந்தபோது லிபினே ஆனந்தியிடம் கற்றதை வைத்து அவனுக்குச் சொன்னான். கொம்பு முன்னால் வரும் சேட்டா. அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் எழுத்து சரியாக வந்து செல்வலட்சுமி என்று திரையில் நின்றபோது, அவனுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

ஆனந்திக்கு இது தெரியும். லிபின் சொல்லியிருப்பான். வீட்டில் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு சாயங்காலம் மட்டும் பையிலிருந்து பூட்டுச்சாவியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவன் செருகினான். ஆறு திறந்தது. அவள் வெங்காயம் நறுக்குகிற கத்தியோடு வந்து, பின்னால் நின்று பார்த்தாள். ஃபோல்டருக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஆறு என்று வைத்திருப்பதாகச் சொன்னான். அவள் கத்தியோடு திரும்பப் போனாள். அடுப்படியிலிருந்து நறுக்குகிற சத்தம் கேட்கக் கொஞ்ச நேரம் ஆனது.

கல்யாணத்தன்று மண்டபத்தில் திரை கட்டிப் போட்டார்கள். சோலை வந்து பேசினார். நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் பிள்ளைகளை யாரும் ஏசக் கூடாது, என் பெண்டாட்டியை ஒருத்தரும் வெயிலில் நிறுத்தி வைக்கக் கூடாது என்றார். டிவிடியில் வராத பேச்சு. குருவம்மாள் அழவில்லை. கேட்டு முடித்துவிட்டு எழுந்து போய்த் திரையைத் தொட்டுப் பார்த்தாள், படம் கலைந்து அவள் கைமேல் ஓடியது. பிறகு பந்தி பார்க்கப் போய்விட்டாள். செல்லத்துரை மேடைக்குப் பக்கத்தில் கேமராவோடு நின்று இதையும் எடுத்தான்.

ஆனந்தி லிபினின் ஸ்டுடியோவை விடவில்லை. விடச் சொல்ல அவனுக்கு வாயில்லை. வாரத்தில் பாதி நாள் அங்கே போகிறாள், பாதி நாள் தன் நாற்காலியில் ஆறோடு உட்காருகிறாள். அங்கே புது சாஃப்ட்வேரும் பழகிக்கொண்டிருக்கிறாள், இப்போது உப்பு எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிட்டது என்கிறாள். அவள் போன் அடித்தால் இன்றைக்கும் செல்லத்துரையின் காது அந்தப் பக்கம் போகிறது. போகாதே என்று அவன் காதுக்குச் சொல்வதுண்டு, அது கேட்பதில்லை. சில நாள் அவள் மூணாறிலிருந்து வந்து, இன்றைக்கு இப்படி ஒன்று செய்தோம் என்று சொல்ல ஆரம்பிக்கும்போது அந்த 'தோம்' அவனைக் குத்துகிறது. அந்தக் குத்தலோடேயே கேட்டுக்கொள்கிறான்.

கார்த்திகையில் லிபின் ஒரு வேலைக்குக் கூப்பிட்டான். தமிழ்க் கல்யாணம், முறைகள் தெரிந்த கேமராக்காரர் வேண்டும், வர முடியுமா சேட்டா என்றான். அன்றைக்கு வேறு வேலை இருப்பதாகச் செல்லத்துரை சொல்லிவிட்டான். வேலை எதுவும் இல்லை. தை மாதத்தில் இன்னொரு தடவை கூப்பிட்டான். அப்போது போனான்.

எடுத்ததை ஆனந்திதான் வெட்டினாள், வீட்டிலேயே. அவன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தான். தாலி கட்டுகிற இடம் வந்ததும் அவள் படத்தை நிறுத்தினாள்.

"இந்த எடத்துல கை ஆடிருக்கு," என்றாள். "பாத்தீகளா?"

முன்பு சொன்னதே இல்லை அவள். செல்லத்துரை குனிந்து பார்த்தான். ஆடித்தான் இருந்தது.

"பின்னால ஒருத்தன் இடிச்சான்," என்றான்.

"இடிச்சா ஒரு நிமிசம் அப்படியே பிடிச்சு நிக்கணும். ஒடனே திருப்பாதீக. நான் மறைக்கதுக்கு எடம் வேணும்ல."

அவன் சரி என்றான். அவள் படத்தை மறுபடியும் ஓடவிட்டாள்.